கஞ்சித்தொட்டியும் கைமந்திரமும்

(திருவொற்றியூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மேடையிலே பேசியதை ஏட்டிலே எழுதித் தருமாறு கேட்டார்கள், எழுதுகிறேன். மேடைக்கும் ஏட்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. மேடையிலே பேசுபவன் குரலை உயர்த்தினால் கூட்டம் கையொலி எழுப்பும். சொன்னது சரியா என்று எண்ணிப் பார்க்க நேரமிராது. ஏடு அப்படியன்று. நீங்கள் நிறுத்தலாம், திரும்பப் படிக்கலாம், "இவன் சொல்வது மெய்தானா?" என்று பக்கத்து வீட்டாரைக் கேட்கலாம். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருளுக்கு அந்தக் கேள்விதான் முதல் தேவை. அற்புதங்களைப் பற்றிப் பேசப் போகிறேன். நோய் தீர்ப்பதாகச் சொல்லப்படும் அற்புதங்களைப் பற்றி.

ராயபுரம் கல்மண்டபத்திலே புறப்பட்டு, காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர் என எண்ணூர்வரை ஒருமுறை நடந்து பாருங்கள். சுவர்களைப் படித்துக்கொண்டே நடந்து பாருங்கள். சர்க்கரையா, முடக்குவாதமா, வலிப்பா, பிள்ளைப்பேறு இல்லையா, ஆண்மைக் குறைவா? கத்தியின்றி, ஊசியின்றி, பத்தியமின்றி, பதினைந்தே நாளில் பூரண குணம்! அடுத்த சுவரிலே முடவரை நடக்க வைக்கும் மூன்று நாள் பெருவிழா. அதற்கடுத்த தூணிலே செய்வினை எடுத்துக் கட்டும் தாயத்து. சந்து முனையிலே ஓதி ஊதித் தரும் தண்ணீர். எம்மதமும் சம்மதம் என்பது வேறெங்கே மெய்யோ நானறியேன். நோயாளியின் மடியை அவிழ்ப்பதிலே மெய்யிலும் மெய்!

"இதைக் கேட்பாரில்லையா? சட்டமில்லையா?" என்பீர்கள். இருக்கிறது, தோழரே! 1954ஆம் ஆண்டே இந்திய நாடாளுமன்றம் மருந்துகள் மற்றும் மாய மருத்துவ விளம்பரத் தடைச் சட்டத்தை இயற்றிவிட்டது. புற்றுநோய், நீரிழிவு, காசம், வலிப்பு, பக்கவாதம், இரத்த அழுத்தம், மலடு என 54 நோய்களையும் குறைகளையும் பட்டியலிட்டு, இவற்றைத் தீர்ப்பதாக எந்த மருந்தையும் விளம்பரம் செய்யலாகாது என்றது. தாயத்து, மந்திரம், கவசம் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, அவை நோய் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதையும் தடுத்தது. முதன்முறை செய்தால் ஆறு மாதம்வரை சிறை. மறுமுறை செய்தால் ஓராண்டுவரை.

ஆகா, எத்தனை அழகான சட்டம்! அந்தச் சட்டத்தின் மீதே பசை தடவிச் சுவரொட்டி ஒட்டுகிறார்கள். சட்டம் பிறந்து எழுபதாண்டு கழித்து, 2024இல், உச்ச நீதிமன்றமே வாயைத் திறந்து கேட்க வேண்டியதாயிற்று. வடநாட்டு யோகியார் ஒருவரின் பதஞ்சலி நிறுவனம், நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்தது தொடர்பான வழக்கிலே, அவ்வாண்டு ஏப்ரலில் செய்தித்தாள்களில் மன்னிப்புக் கோரி விளம்பரம் வெளியிட்டார்கள். கோடிகள் புரளும் நிறுவனத்துக்கு மன்னிப்பு விளம்பரம். கொருக்குப்பேட்டைச் சந்திலே தாயத்து விற்பவனுக்கு அதுவுமில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தச் சட்டம் தடுப்பது விளம்பரத்தை. விளம்பரம் செய்யாமல் வேப்பிலையால் அடித்தே ஒருத்தியைக் குற்றுயிராக்கினால், இந்தச் சட்டத்துக்கு அது தன் வேலையாகவே தோன்றாது. இந்த ஓட்டைக்குப் பின்னர் வருகிறேன்.

நான் நாடகக்காரன். சாமியார் வேடம் எழுதியிருக்கிறேன். அதைப் போட்டும் ஆடியிருக்கிறேன். ஆகையால் அற்புதம் செய்யும் முறை ஒன்றிரண்டு எனக்குத் தெரியும். எலுமிச்சம்பழத்தை அறுத்தால் இரத்தம் கொட்டுகிறதா? கத்தியிலே செம்பருத்திச் சாற்றைத் தடவிக் காயவிட்டிருக்கிறான். புளிப்புப் பட்டதும் அது சிவக்கிறது. தீக்குச்சி இல்லாமல் ஓமகுண்டம் எரிகிறதா? பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் மீது ஊற்றியது நெய்யன்று, கிளிசரின். வெறுங்கையிலே திருநீறு கொட்டுகிறதா? கஞ்சியிலே பிசைந்து உருட்டிக் காயவைத்த சாம்பல் உருண்டை, கட்டைவிரலின் இடுக்கிலே இருக்கிறது. ஆரத்தித் தட்டிலே மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பது நம் வீட்டுப் பெண்கள் அனைவரும் அறிந்த வேதியியல். அதையே மண்டை ஓட்டின் பக்கத்திலே செய்தால் மாந்திரீகம்! ஊர் ஊராகத் "மந்திரமா? தந்திரமா?" நிகழ்ச்சி நடத்திய திராவிடர் கழகத் தோழர்கள் இவற்றையெல்லாம் தெருவிலே நின்று செய்து காட்டினார்கள், செய்து முடித்தபின் செய்த விதத்தையும் சொன்னார்கள். சாமியார் முதற்பாதியோடு நின்றுவிடுகிறார், வேறுபாடு அவ்வளவே.

திருவல்லாவிலே 1898இல் பிறந்து, யாழ்ப்பாணம் மத்தியக் கல்லூரியிலும் பின்னர் கொழும்பிலும் தாவரவியல் கற்பித்த டாக்டர் ஆபிரகாம் கோவூர், மோசடிக்கு இடமில்லாத சூழலில் ஓர் அற்புதத்தைச் செய்து காட்டுவோர்க்கு இலட்சம் ரூபாய் தருவதாக 1963இல் அறைகூவினார். 1978இல் அவர் மறையும் வரை அந்தப் பணம் அவரிடமே இருந்தது. போத்தனூரிலே வாழ்ந்து 2009இல் மறைந்த பிரேமானந்தும் அதே அறைகூவலைத் தொடர்ந்தார். பிள்ளையார் பால் குடித்தாரே, 1995 செப்டம்பர் 21? நினைவிருக்கும். கரண்டியின் விளிம்பிலே நின்ற பால், பரப்பு இழுவிசையால் கல்லைப் பற்றி வழுக்கி, கல்லோடு கல்லாக வழிந்து ஓடியது. அன்று பால் குடித்த பிள்ளையார், மறுவாரம் ஏனோ தாகமின்றி இருந்துவிட்டார்!

சிரித்துவிட்டீர்கள். சாமியாரைக் கண்டு சிரிப்பது தேவை. அவனிடம் போன தாயைக் கண்டு சிரிப்பது எளிது. எளிதான வேலையிலே பெருமை இல்லை.

அந்தத் தாய் ஏன் போகிறாள்? எண்ணூரிலே மீன் கூடை சுமப்பவள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு இருமல்; இரவெல்லாம் இழுப்பு. பக்கத்திலே நகர்ப்புறச் சுகாதார நிலையம் இருக்கிறது; மறுக்கவில்லை. அங்கே "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ" என்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரி பத்துக் கிலோமீட்டருக்கும் அப்பால். கண்டெய்னர் லாரிகள் வழிமறிக்கும் சாலை. போனால் ஒரு நாள் கூலி போயிற்று. சீட்டு வாங்க ஒரு வரிசை, மருத்துவரைக் காண ஒரு வரிசை, எக்ஸ்ரேக்கு ஒரு வரிசை, மருந்துக்கு ஒரு வரிசை. இத்தனைக்கும் பின் மருத்துவர் அவள் முகத்தைப் பார்ப்பது ஒரு நிமிடம். அவர்மீதும் குற்றமில்லை, அவர் முன்னே இன்னும் நூறு பேர்.

மந்திரிப்பவனோ மாலையிலே இருக்கிறான். அடுத்த தெருவிலே இருக்கிறான். பெயர் சொல்லி அழைக்கிறான். "எத்தனை நாளாக அம்மா?" என்கிறான். தலையிலே கை வைக்கிறான். அழுதால் அழ விடுகிறான். பொய்யனிடம் கிடைக்கும் இந்த மெய்யான பண்டம், மெய்யான மருத்துவம் நடக்கும் இடத்திலே கிடைக்கவில்லையென்றால், தோழரே, குறை அவளுடையது மட்டுமா?

சரி, போகிறாள். பாதிப் பேருக்குக் குணமும் ஆகிறதே, அது எப்படி? இங்கேதான் சற்று நின்று பேச வேண்டும். காமாலையை எடுத்துக்கொள்வோம். குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் பக்கத்துப் பக்கத்தில் படுத்துறங்கும் நம் பகுதியிலே அறியாதார் இல்லாத நோய் அது.

காமாலை என்பது ஒரு நோயன்று. பல நோய்களின் அறிகுறி. அசுத்த நீரால் பரவும் ஹெபடைடிஸ் ஏ, ஈ என்ற இருவகை, பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். (பெரும்பாலோர்க்கு என்றேன், கருவுற்ற தாய்மார்க்கு ஈ வகை உயிருக்கே உலை வைக்கக்கூடும்.) அந்தச் சில வாரங்களிலே யார் என்ன செய்தாலும் புகழ் அவர்க்கே. தலையிலே எண்ணெய் வைத்தவன், கழுத்திலே வேர்மாலை கட்டியவன், கையைக் கழுவிவிட்டவன், யாவரும் தன்வந்திரி! கை கழுவும் வித்தை நாட்டின் பல பகுதிகளிலே நடப்பது. நோயாளியின் கையிலே மாம்பட்டைச் சாற்றைத் தடவிவிட்டு, சுண்ணாம்பு தெளிந்த நீரிலே கழுவினால், நீர் மஞ்சளாகும். "பார், இறங்குகிறது காமாலை!" காமாலை இல்லாத உங்கள் கையைக் கழுவினாலும் அதே மஞ்சள் இறங்கும்.

ஆனால் ஹெபடைடிஸ் பி என்றொரு வகை உண்டு. இரத்தத்தாலும் உடலுறவாலும் தாயிடமிருந்து சேய்க்கும் பரவுவது. அது சிலரிடம் ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருந்து ஈரலைச் சுருக்கிப் புற்றாக்கும். கண்ணிலே மஞ்சள் மறைந்தது கண்டு, தாயத்துக்காரனுக்குத் தட்சணை கொடுத்துத் திரும்பியவன் உடம்பிலே, அது அடுத்த இருபதாண்டுக்குக் குடியிருக்கலாம்.

"கீழாநெல்லி?" என்று கேட்பீர்கள். அதற்குத்தான் வருகிறேன். கீழாநெல்லியைக் கிண்டல் செய்ய நான் வரவில்லை. அதைச் சோதித்துப் பார்த்தவர்கள் நம் சென்னைக்காரர்கள் என்பதைச் சொல்ல வந்தேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் எஸ்.பி. தியாகராஜனும் அவர் குழுவினரும், ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்ததற்காக 1976இல் நோபல் பரிசு பெற்ற பிளம்பெர்க்குடன் சேர்ந்து, கீழாநெல்லிப் பொடியைக் கிருமி தாங்கிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு சாராருக்குக் கீழாநெல்லி. மறு சாராருக்கு மருந்தில்லாத வெற்றுப் பொருள். கல்லூரியைப் பாதியிலே விட்டவன் நான். எனக்கே இதன் நியாயம் விளங்குகிறது. மருந்து உண்டவர் குணமடைந்தால் மட்டும் போதாது. உண்ணாதவரைவிடக் கூடுதலாகக் குணமடைய வேண்டும். முடிவு 1988இல் லான்செட் இதழிலே வந்தது. கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேர் இரத்தத்திலே கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. வெற்றுப் பொருள் உண்ட 23 பேரில் ஒருவர்க்கு மட்டுமே.

உலகமே திரும்பிப் பார்த்தது. நம் வயல் வரப்பிலே கேட்பாரற்றுக் கிடந்த செடிக்கு என்னே ஏற்றம்! தமிழன் என்ற முறையிலே மார்பு நிமிர்ந்திருக்கும். ஆனால் அறிவியல் நிமிர்ந்த மார்பைப் பார்த்து நின்றுவிடுவதில்லை. தாய்லாந்திலே செய்து பார்த்தார்கள். 1990இல் முடிவு வந்தது, பயனில்லை. பம்பாயிலே பார்த்தார்கள், நியூசிலாந்திலே பார்த்தார்கள். 1994இல் வந்தன முடிவுகள், பயனில்லை. பின்னர் வந்த தொகுப்பாய்வுகளும் நாட்பட்ட பி வகைக்குக் கீழாநெல்லியை நம்புதற்குப் போதிய சான்றில்லை என்றே கூறின.

இதிலே தோற்றது யார்? கீழாநெல்லியின் மீது கொண்ட ஆசை தோற்றிருக்கலாம். முறை தோற்கவில்லை. நம்மவரே நம் செடியைச் சோதனைக் கூண்டிலே ஏற்றினார்கள். சாதகமான தீர்ப்பைக் காட்டி அதோடு கடையை விரிக்காமல், மறு விசாரணைக்கும் வழிவிட்டார்கள். எந்தத் தாயத்துக்காரன் அப்படி நின்றிருக்கிறான்? மூலிகை என்றாலே பகை என்பதும் நம் கட்சியன்று. சீனத்துப் பழஞ்சுவடி ஒன்றின் குறிப்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு காட்டுச் செடியிலிருந்து மலேரியாவுக்கு மருந்து பிரித்தெடுத்த தூ யூயூ என்ற அம்மையாருக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. செடி அங்கும் செடிதான். சோதனையைக் கடந்து வந்த செடி. ஹெபடைடிஸ் பிக்கு இன்று நம்மிடம் உள்ள உறுதியான காவல், குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடப்படும் தடுப்பூசி. அரசு மருத்துவமனையிலே அதற்குக் காசில்லை.

கொரோனாக் காலத்தை நினைவுபடுத்தத் தேவையில்லை. 2020 மே மாதத்திலே சென்னையின் மண்டலங்களிலே தொற்று மிகுந்திருந்தது நம் ராயபுரம். கபசுரக் குடிநீர் தெருத்தெருவாகக் காய்ச்சி ஊற்றப்பட்டது. வியாசர்பாடி அம்பேத்கர் கலைக்கல்லூரியிலே சித்த மருத்துவ மையம் அமைந்தது. அங்கே போனோர் நன்கு கவனிக்கப்பட்டார்கள், நலமாய்த் திரும்பினார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே சேர்க்கப்பட்டோர் அறிகுறி இல்லாதோரும் இலேசான அறிகுறி உள்ளோரும். மூச்சுத் திணறியோர் ஸ்டான்லியிலே கிடந்தார்கள். கடுமையான நோயாளியை வைத்திருந்த இடத்தையும் இலேசான நோயாளியை வைத்திருந்த இடத்தையும் ஒப்பிட்டு, "இங்கே சாவில்லை" என்று முரசறைவது கணக்கன்று. சித்த மருத்துவத்தை மதிக்கிறவர்தாம் அதற்கு நல்ல சோதனையைக் கேட்டுப் போராட வேண்டும். கோவைப் பக்கத்திலோ 2021இல் கொரோனா தேவிக்குச் சிலையே வைத்துவிட்டார்கள்! அங்கே முன்பே பிளேக் மாரியம்மன் இருக்கிறாள். தங்கைக்குத் துணை கிடைத்தது. பெரியம்மையைப் போக்க ஆத்தாவுக்குக் கூழ் ஊற்றியது எத்தனை நூற்றாண்டு? இரு கவை ஊசியோடு வீடு வீடாகப் போனவர்கள் 1975இல் அதை இந்தியாவை விட்டே துரத்தினார்கள். 1980இல் உலகை விட்டே ஒழிந்ததாக உலக நல நிறுவனம் அறிவித்தது.

இதுவரை சொன்னதிலே பணம் போயிற்று, காலம் போயிற்று. இனிச் சொல்லப் போவது உயிர்.

2001 ஆகஸ்ட் 6. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. மனநோய் தீரும் என்று நம்பி, தர்காவை நாடி, மதவேறுபாடின்றித் தமிழகம் முழுதுமிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும் மக்கள் வந்து தங்கும் ஊர். அங்கே "மனநலக் காப்பகம்" என்ற பெயரிலே ஒரு கீற்றுக் கொட்டகை. விடியற்காலையிலே தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் ஓட முடியவில்லை. ஏன்? காலிலே சங்கிலி! 28 பேர் மாண்டனர். நோயாளிகள், தோழரே, குற்றவாளிகளல்லர். அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்களும் கொடியவர்களல்லர். மகனுக்கு என்ன நேர்ந்தது என்று புரியாமல் தவித்த தாய் தந்தையர். நாடே பதறியது, உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது, அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. மனநோயாளியைச் சங்கிலியிலே பூட்டலாகாது என்று 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் எழுத்திலே எழுதியது. சென்னை கீழ்ப்பாக்கத்திலே 1794இல் தோன்றிய மனநல மருத்துவமனை இருக்கிறது. அத்தனை தொலைவு வர முடியாதவனுக்கு மாவட்டத்திலே என்ன இருந்தது 2001இல்? அந்தக் கேள்வி அந்தக் கொட்டகையோடு எரிந்துவிடலாகாது. பின்னாளிலே அதே ஏர்வாடியில் பிரார்த்தனைக்கு வருவோர்க்கு மருந்தும் கிடைக்கும்படி அரசு ஏற்பாடு செய்தது. நம்பிக்கையோடு வந்தவனை விரட்டாமல், அவன் கையிலே மாத்திரையைக் கொடுத்த ஏற்பாடு அது, நான் வரவேற்கிறேன்.

அற்புதம் எங்குமே நடக்கவில்லையா என்றால், நடக்கிறது! பழைய சிறைச் சாலையிலே நடக்கிறது. ஸ்டான்லி என்ற பெயர் பின்னால் வந்தது. நம் பாட்டிமார் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றார்கள். 1782இல், போரும் பஞ்சமும் சென்னையைச் சுற்றி வளைத்தபோது, பசித்தோர்க்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரம் அதன் வேர். சோறு கொடுத்த இடத்திலே மருந்து முளைத்தது. 1938இல் மருத்துவக் கல்லூரி எழுந்தது. துறைமுகத்திலே சங்கிலியிலே சிக்கிய கை, ஆலையிலே அச்சில் நசுங்கிய விரல் - இந்தப் பகுதித் தொழிலாளியின் விதி என்று விடப்பட்ட அந்தக் கைகளுக்கென்றே டாக்டர் ஆர். வெங்கடசாமி அங்கே கை அறுவை மருத்துவத் துறையைக் கட்டி எழுப்பினார். துண்டான விரலைத் தைத்து, நரம்போடு நரம்பும் குழாயோடு குழாயும் இணைத்து, மீண்டும் சுத்தியல் பிடிக்க வைக்கிறார்கள். பிரான்சு நாட்டு லூர்து நகரிலே குவிந்து கிடந்த ஊன்றுகோல்களைப் பார்த்த எழுத்தாளர் அனத்தோல் பிரான்சு, "மரக்கால் ஒன்றுகூட இல்லையே!" என்ற பொருள்படக் கேட்டாராம். அந்த லூர்திலும்கூட, வந்து குவிந்த ஆயிரக்கணக்கான கோரிக்கைகளை மருத்துவரை வைத்து அலசி, திருச்சபையே அற்புதம் என ஒப்பியது எழுபதுக்குச் சற்று மேலே மட்டும். நம்மூர்ப் பெருவிழாவிலே மூன்றே நாளில் அந்த எண்ணிக்கையைத் தாண்டிவிடுகிறார்கள்!

காசநோயின் கதை இன்னும் பெரிது. காசமென்றால் மலைக்காற்றும், பாலும் முட்டையும், மருத்துவமனைப் படுக்கையும் வேண்டும் என்றிருந்த காலம். பணக்காரன் மதனப்பள்ளிக்குப் போனான். ஏழை மந்திரவாதியிடம் போனான். 1956இல் சென்னையிலே காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை அரசும், உலக நல நிறுவனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் கைகோத்தன. நெரிசல் மிகுந்த பகுதிகளிலே வாழ்ந்த ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையிலே இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவு மருத்துவமனையிலே: நல்ல உணவு, ஓய்வு, தாதியர் கவனிப்பு. மறு பிரிவு தம் குடிசையிலே: அதே கூழ், அதே வேலை, அதே நெரிசல். மருந்து மட்டும் இருவர்க்கும் ஒன்று. 1959இல் முடிவு வந்தது: இரு பிரிவும் ஏறத்தாழ ஒன்றுபோலவே குணமடைந்தன! வீட்டிலே இருந்த நோயாளியால் குடும்பத்தார்க்குத் தொற்று கூடவுமில்லை. உலகம் முழுவதும் காச மருத்துவமனைப் படுக்கைகள் மடக்கப்பட்டு, வீட்டிலே இருந்தபடியே மருந்துண்ணும் முறை வந்ததற்கு, சென்னைக் குடிசைவாசி காரணம். ஏழையின் குடிசையிலே நிகழ்ந்த அற்புதம் என்று இதைத்தான் நான் சொல்வேன். இதற்கு யாரும் சுவரொட்டி ஒட்டவில்லை.

இன்னும் ஒரு வினா எஞ்சியிருக்கிறது. நோயை யார் தீர்ப்பது என்று பேசினோம். நோயை யார் தருவது? 2023 டிசம்பர் முதல் வாரம், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் கலந்து வந்து எண்ணூர்க் கழிமுகத்திலே படர்ந்தது. படகும் வலையும் கறுத்தன, நண்டும் இறாலும் நாறின. அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவு, பெரியகுப்பத்தில் கோரமண்டல் உரத்தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, உறங்கிக்கொண்டிருந்த மக்கள் கண்ணெரிந்து, மூச்சுத் திணறித் தெருவுக்கு ஓடினார்கள். அனல் மின்நிலையச் சாம்பலை நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டுமா? இந்தக் காற்றைச் சுவாசித்து இழுப்பு வந்த குழந்தையிடம், "உன் வீட்டிலே யாரோ வைத்த செய்வினை" என்கிறான் மந்திரவாதி. எவ்வளவு வசதியான பதில்! புகைபோக்கியின் பக்கம் ஒருவரும் நிமிர்ந்து பார்க்க வேண்டியதில்லை. ஆலை முதலாளி சம்பளம் கொடுக்காமலே அவனுக்கொரு வழக்கறிஞன்!

இதே சரக்கு வேறு வடிவிலே பள்ளிக்கூடத்துக்குள்ளும் வந்தது. 2024 ஆகஸ்டிலே, சென்னை அசோக் நகர் அரசு மகளிர் பள்ளியிலே பேச வந்த ஓர் ஆன்மீகச் சொற்பொழிவாளர், உடற்குறைக்குக் காரணம் முற்பிறவிப் பாவம் என்ற பொருள்பட மாணவியரிடையே பேசினார். பார்வையற்ற தமிழாசிரியர் ஒருவர் அங்கேயே எழுந்து எதிர்த்துக் கேட்டார். செப்டம்பரில் சொற்பொழிவாளர் கைது செய்யப்பட்டார். அந்த ஆசிரியர் எழுந்து நின்ற அந்த நொடியை எழுத எந்த நாடகாசிரியனுக்கும் ஆசை வரும். ஆனால் பள்ளியிலே எழுந்து கேட்க ஓர் ஆசிரியர் இருந்தார். சந்து முனையிலே யார் இருக்கிறார்?

ஆகவேதான் அந்தச் சட்ட ஓட்டைக்குத் திரும்புகிறேன். மூடப்பழக்கத்தை எதிர்த்துச் சட்டம் கேட்டுப் பதினெட்டாண்டு போராடிய டாக்டர் நரேந்திர தபோல்கர், 2013 ஆகஸ்ட் 20 அன்று புனே நகரிலே சுட்டுக் கொல்லப்பட்டார். நான்கே நாளில் மராட்டிய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது; டிசம்பரிலே அது சட்டமாயிற்று. கருநாடகம் 2017இல் சட்டம் இயற்றியது. பேய் ஓட்டுவதாகச் சொல்லி அடிப்பது, மருத்துவரிடம் போக விடாமல் தடுத்து மந்திரத்தால் தீர்ப்பதாகச் சொல்வது - இவை அங்கே செயலாகவே குற்றம். விளம்பரம் செய்யும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வழிபாட்டை அச்சட்டங்கள் தொடவில்லை. பிரார்த்தனை செய்வோர் அஞ்சத் தேவையில்லை. ஈரோட்டுக் கிழவனார் பிறந்த மண்ணின் சட்டமன்றம், மராட்டியத்துக்குப் பின்னால் நிற்பது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஒரு கொலைக்குப் பின்னர்தான் சட்டம் வர வேண்டுமென்பது விதியா?

சட்டம் ஒரு கை. மருத்துவம் மறு கை. 2021 ஆகஸ்டிலே தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு சென்றது, ஐ.நா. அமைப்பின் விருதும் 2024இல் அதைத் தேடி வந்தது. பெருமைதான். அந்தப் பெருமையோடு இதையும் கேட்கிறேன்: கூலி முடிந்து திரும்புகிற மாலை வேளையிலே, எண்ணூரிலும் எர்ணாவூரிலும், இழுப்புக்கும் காசத்துக்கும், மனக்கலக்கத்துக்கும், உட்கார்ந்து பேச நேரமுள்ள மருத்துவர் வேண்டும். மந்திரவாதியின் கடை மாலையிலேதான் திறக்கிறது என்பதை மறவாதீர்.

வட்டக் கழகத் தோழர்களுக்கு இரண்டு வேலை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உள்ளவர் தெருவிலே இருந்தால், தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனைக்கோ அருகிலுள்ள சுகாதார நிலையத்துக்கோ உடன் அழைத்துச் செல்லுங்கள். சளிச் சோதனைக்கும் மருந்துக்கும் கட்டணமில்லை, சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்கென 2024 நவம்பர் முதல் மாதம் 1000 ரூபாய் என்று உயர்த்தியும் இருக்கிறார்கள். மற்றொன்று, 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலிலுள்ள நோயைத் தீர்ப்பதாகச் சுவரொட்டி கண்டால், அதைக் கிழிக்காதீர்கள். படமெடுத்து, இடமும் தேதியும் குறித்து, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் காவல் நிலையத்துக்கும் எழுதுங்கள். நகல் ஒன்றை இவ்வேட்டின் முகவரிக்கு என் பெயரிட்டு அனுப்புங்கள். அடுத்த நாடகத்திலே ஒரு மருந்துக்காரன் வருகிறான். அவனுக்கு வசனம் நான் எழுத வேண்டியதில்லை, சுவரிலே இருப்பதே போதும்.